சைக்கிள் ஷெட்டும் நாலாம் பிரிவும்

என்னைக் கட்டிப்போட்ட சட்டம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் எழுதப்பட்டது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். அரசுப் பள்ளிகளுக்கான சட்டம். நானோ இருபது வருஷமாக அரசுப் பள்ளி வாத்தியார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் எட்டிப் பார்த்ததும் காகிதத்தின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பூண்டுத் தோல் பறக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என் மனைவி.

அவள் சட்ட வரைவாளர். சட்டமன்றத்தில் உறுப்பினர்கள் மேசையைத் தட்டித் தட்டிப் பேசுகிறார்களே, அவர்களுக்கு என்ன வேண்டும் என்பது பாதி நேரம் அவர்களுக்கே தெரியாது. அதைக் கண்டுபிடித்து, பிரிவு, உட்பிரிவு போட்டு, ஒருத்தரும் நழுவ முடியாதபடி எழுதித் தருவது இவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாக எழுதுகிறாள். இவள் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிக்க ஆள் பிறக்கவில்லை என்று அலுவலகத்தில் பேச்சு. இவளும் அதை மறுத்ததில்லை. தன் மேல் தப்பு என்று அவள் சொல்லி நான் கேட்டதே கிடையாது. ஒரு தடவை வீட்டுச் சாவியைத் தானே தொலைத்துவிட்டு வந்து, "சாவி வெக்கிற இடம் சரியில்ல" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் வாசலில் ஓர் ஆணி அடிக்கப்பட்டது.

ஓட்டை கண்டுபிடிக்கிற ஆள் ஒருத்தன் வீட்டிலேயே இருக்கிறான் என்பது அலுவலகத்துக்குத் தெரியாது. எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: வீட்டு வேலைப் பங்கீட்டு விதிகள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தொட்டியில் கிடக்கும் பாத்திரங்களைக் கணவர் கழுவ வேண்டும் என்று அதில் மூன்றாம் விதி. நான் பாத்திரங்களை அடுப்பு மேலேயே விட்டேன். நாலு நாள் அவளே கழுவினாள். ஐந்தாம் நாள் கீழே இன்னொரு தாள் தொங்கியது: தொட்டியிலோ, அடுப்பின் மேலோ, சமையலறையில் வேறு எங்குமோ. நான் பாத்திரங்களை வராந்தாவுக்குக் கொண்டுபோனேன். இப்போது பதினோராவது திருத்தம் ஓடுகிறது. ஃப்ரிட்ஜின் நிறம் என்னவென்று எனக்கே மறந்துவிட்டது. பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது இந்த ஒரு வித்தைதான்.

சட்டம் நிறைவேறி, பள்ளிக்கு நகல் வந்தபோதுதான் தட்டுக்கு அடியில் இருந்தது என்னவென்று தெரிந்தது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பி இல்லாமல் ஒலியையோ எழுத்தையோ படத்தையோ அனுப்பக்கூடிய, பெறக்கூடிய எந்தப் பொருளும் 'சாதனம்'. நாலாம் பிரிவின்படி, வகுப்பறைக்குள் எவரும் எக்காரணம் கொண்டும் சாதனம் வைத்திருக்கக் கூடாது. மீறினால் ஒன்பதாம் பிரிவின்படி தலைமையாசிரியரே பொறுப்பு.

நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகள் மேசைக்கு அடியில் செல்போனை வைத்துக்கொண்டு படித்த லட்சணம் எனக்குத் தெரியும். வாத்தியார்கள் நாங்கள் மட்டும் என்ன வாழ்ந்தது. மூன்று வருஷத்துக்கு முன் இதே மாதிரி ஓர் ஆணை வந்தபோது, மருத்துவக் காரணம் இருந்தால் செல்போன் வைத்துக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள். ஒரே மாதத்தில் பள்ளியில் பாதிப் பேர் நோயாளி ஆகிவிட்டார்கள். அதனால்தான் இந்தத் தடவை 'எக்காரணம் கொண்டும்'. அந்த இரண்டு சொல்லை எழுதிய அன்று என் மனைவி ஒரு கிண்ணம் பாயசம் அதிகமாகச் சாப்பிட்டாள் என்பது இப்போது ஞாபகம் வருகிறது.

எங்கள் தலைமையாசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சுற்றறிக்கை. ஓய்வு பெற இன்னும் பதினாலு மாதம். அதுவரை ஒரு பிரிவும் தன் மேல் விழாமல் வீடு போய்ச் சேர வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. நகல் வந்த அன்றே ஓர் இரும்பு அலமாரி வாங்கினார். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். பிள்ளைகளின் செல்போன் உள்ளே போனது. எங்கள் செல்போன் உள்ளே போனது. கைக்கடிகாரத்தில் செய்தி வருகிறதா என்று ஒவ்வொருத்தர் மணிக்கட்டையும் திருப்பிப் பார்த்தார். வகுப்புகளில் அடிக்கிற மின்சார மணி, ஆபீசில் அழுத்தினால் கம்பி இல்லாமல் அடிக்கிற வகை. எனவே மணிகளையும் கழற்றி உள்ளே வைத்தார். அதன் பிறகு காவலாளி விசில் ஊதிப் பாடவேளை மாறியது. அவர் டீ குடிக்கப் போனால் கணக்குப் பாடம் ஒன்றரை மணி நேரம் நடந்தது.

இது வரைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். நாலாம் நாள் சுற்றறிக்கை என் வகுப்பு வாசலில் வந்து நின்று, என் கழுத்தைப் பார்த்தார்.

என் கழுத்தில் தொங்கியது தீப்பெட்டி அளவில் ஒரு மைக். அது ரேடியோவுக்காக. ரேடியோ என்று பிள்ளைகள் கூப்பிடுவது என் ஐந்தாம் வகுப்பில் படிக்கிற பத்து வயதுப் பெண்ணை. இரண்டு காதிலும் கருவி. கருவி இருந்தால் கேட்டுவிடும் என்று நினைக்கிறோம். அது எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக்கும். நாற்பது பிள்ளைகள், நாற்காலி இழுபடுகிற சத்தம், மின்விசிறி, இவ்வளவுக்கும் நடுவில் வாத்தியார் குரல் எங்கேயோ கிடக்கும். இந்த மைக் என் குரலை மட்டும் நேராக அவள் காதில் கொண்டுபோய் விடும். நான் எங்கே திரும்பி நின்றாலும் விடும்.

எங்கே போனாலும் விடும் என்பதுதான் வம்பு. அணைக்க மறந்துபோய் ஆசிரியர் அறையில் நான் பேசியதெல்லாம் அவளுக்குப் போயிருக்கிறது. சுற்றறிக்கையின் நடையைப் போல நான் பேசிக்காட்டியது, வீட்டுக்குப் போன் போட்டு வராந்தாப் பாத்திரம் பற்றிக் கெஞ்சியது, கழிப்பறையில் பாடியது, ஒன்று விடாமல். முதல் தடவை வகுப்புக்குத் திரும்பி வந்தபோது, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விஷயம் என்னவென்று மற்ற பிள்ளைகள் எவ்வளவு குடைந்தும் சொல்லவில்லை. விரலை உதட்டில் வைத்து என்னைப் பார்த்தாள். பெயர்தான் ரேடியோவே தவிர, வெளியே ஒன்றும் வராது.

சுற்றறிக்கை கையை நீட்டினார். நான் என்னென்னவோ சொன்னேன். அவர் நகலை விரித்து 'எக்காரணம் கொண்டும்' என்ற இடத்தில் விரலை வைத்தார். மனுஷன் கெட்டவர் இல்லை, என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கணக்குப்படி ரேடியோவின் காதில் இருப்பதும் சாதனம்தான். அவர் அவள் காதைப் பார்த்தார், உடனே மின்விசிறியைப் பார்த்தார், தான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு மைக்கை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் ரேடியோவின் அம்மா வந்தார். டவுன் பஸ் ஓட்டுகிறவர், சீருடையோடு வந்தார். காது கேளாத பிள்ளைகளுக்கு நாலு மணி நேரப் பயணத்தில் ஒரு விடுதிப் பள்ளி இருக்கிறது, அங்கே இவளுக்கு ஓர் இடம் இந்த மாசக் கடைசி வரைக்கும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், இங்கே பாடம் புரியாமல் போனால் அங்கே அனுப்ப வேண்டியதுதான் என்றார். நல்ல பள்ளிதான், நாலு மணி நேரம் தள்ளி இருப்பது ஒன்றுதான் குறை. அம்மாவும் பெண்ணும் மட்டும் இருக்கிற வீடு. எந்த வண்டியையும் எந்தச் சந்திலும் திருப்பிவிடுகிற பெண்மணி, கையில் இருந்த விண்ணப்பத்தை மடிக்கத் தெரியாமல் மடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள். நான் ஏதோ நடக்கப்போகிறது என்று நினைத்தேன். பதினாலாம் பிரிவின் கீழ் துறைக்கு எழுத்து மூலம் மனு கொடுக்கலாம், தொண்ணூறு நாளில் முடிவு வரும் என்றாள்.

"மாசக் கடைசிக்கு இருபத்தாறு நாள்தான் இருக்கு. நீ எழுதினது தப்பும்மா" என்றேன்.

"இது தப்பு இல்லைங்க. நடைமுறைச் சிக்கல். ஒரு கதவைத் திறந்து வெச்சா அது வழியா யார் யார் வருவாங்கன்னு உங்களுக்குத் தெரியாது."

எனக்கு வந்த கோபத்தில் பாத்திரம் அத்தனையையும், தொட்டி, அடுப்பு, வராந்தா என்று பாராமல் கழுவி வைத்தேன். அவளுக்கு உறைக்கும் என்று நினைத்தேன். நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதன் பிறகு பதினோரு நாள். அதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ரேடியோ முதல் பெஞ்சில் உட்கார்ந்து என் உதட்டையே பார்த்தாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தாள். வகுப்பு சிரித்தால், ஒரு நொடி தள்ளி அவளும் சிரித்தாள். அந்த ஒரு நொடியைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து சட்டத்தை எழுத்தெழுத்தாகப் படித்தேன். ஃப்ரிட்ஜ் கதவு முன்னால் நின்று படிப்பேனே, அந்தக் கண்ணால் படித்தேன். மாட்டியது. 'வகுப்பறை' என்பது சுவர்களாலும் கதவாலும் அடைக்கப்பட்ட, பாடம் நடத்தப் பயன்படும் அறை. மைதானத்தில் பிள்ளைகளுக்கு அடிபட்டால் போன் செய்ய வேண்டுமே என்று விளையாட்டு ஆசிரியர்கள் சண்டை போட்டு வாங்கிய வரி அது. அடைக்கப்பட்ட அறை. எங்கள் சைக்கிள் ஷெட்டுக்குக் கூரை உண்டு, ஆறு தூண் உண்டு. சுவரும் இல்லை, கதவும் இல்லை. எனக்கு உட்கார்ந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

நகலை எடுத்துக்கொண்டு சுற்றறிக்கையிடம் போனேன். உதட்டை அசைத்து மூன்று தடவை படித்தார். என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு, சாவியைக் கழுத்திலிருந்து கழற்றாமலே குனிந்து அலமாரியைத் திறந்தார். மைக்கைக் கொடுக்கும்போது அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு சந்தோஷம். இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்தார்.

அன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு சைக்கிள் ஷெட்டில். பிள்ளைகள் சைக்கிள்களுக்கு நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்கள். பலகைக்குப் பதில் ஓர் அட்டை, தூணில் சாய்த்து வைத்தது. ரேடியோ பின் வரிசைக்குப் போய்விட்டாள். இத்தனை நாள் முன்னால் உட்கார்ந்து கழுத்து வலிக்கிறதாம். நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆறுகளைப் பற்றிக் கேட்டேன். முதல் பதில் அவளிடமிருந்து வந்தது.

என் மனைவி சொன்ன கதவு விஷயம் மூன்றே நாளில் பலித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். விளையாட்டு ஆசிரியர் எட்டாம் வகுப்பை ஷெட்டுக்குக் கூட்டிவந்து உடல்நலம் என்று ஒரு பாடம் ஆரம்பித்துவிட்டு, தூணுக்குப் பின்னால் நின்று செல்போனில் மேட்ச் பார்த்தார். கணக்கு டீச்சருக்குத் திடீரென்று காற்றோட்டம் தேவைப்பட்டது. வியாழக்கிழமை ஷெட்டில் நாலு வகுப்பு, சைக்கிள்களெல்லாம் வெயிலில். சுற்றறிக்கை பயந்துபோய்த் துறைக்கு ஒரு கடிதம் போட்டார்: சைக்கிள் ஷெட் வகுப்பறை ஆகுமா, தெளிவுபடுத்தவும். துறை அதை யார் சட்டத்தை எழுதினார்களோ அவர்களுக்கே அனுப்பிவைத்தது. அது யார் மேசைக்குப் போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடிதம் போய்ச் சேர்ந்த அன்று வீட்டுக்கு வந்தவள் கைப்பையைக்கூட வைக்கவில்லை.

"சைக்கிள் ஷெட்டா?" என்றாள்.

நான் அசடு வழியச் சிரித்தேன். நாளைக்கு நேரில் பார்க்க வருவதாகவும், உடனே அவசர ஆணை ஒன்று போடப் போவதாகவும் சொன்னாள். வகுப்பறை என்றால் பாடம் நடக்கிற எந்த இடமும், என்று ஒரே வரி. அவ்வளவுதான், ஓட்டை மூடிவிடும். மாசக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது. நான் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் வந்தாள். மற்ற மூன்று வகுப்பும் அவளைப் பார்த்த மாத்திரத்தில் கலைந்து உள்ளே ஓடின. விளையாட்டு ஆசிரியர் ஓடிய வேகத்துக்கு அவருக்கே ஒரு பரிசு கொடுக்கலாம். இவள் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சைக்கிள் கேரியரில் உட்கார்ந்தாள். நான் பாடம் நடத்தினேன். நடந்துகொண்டே, திரும்பிக்கொண்டே நடத்தினேன், கொஞ்சம் வேண்டுமென்றேதான். பின் வரிசையில் ஒருத்தி நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே எல்லாக் கேள்விக்கும் கை தூக்குவதை என் மனைவி பார்த்தாள். ஒரு இடத்தில் நான் ஏதோ அசட்டுத்தனமாகச் சொல்ல, வகுப்பு சிரித்தது. ரேடியோ எல்லாருக்கும் முன்னால் சிரித்தாள்.

பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் எழுதக் கொடுத்துவிட்டு, இருவரும் மைதானத்தைத் தாண்டித் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனோம். வீட்டுச் சண்டையைப் பிள்ளைகள் முன்னால் போட வேண்டாம் என்று அவ்வளவு தூரம். போனதும் அவள் ஆரம்பித்தாள். அந்த எட்டாம் வகுப்பைப் பார்த்தீர்களா, தான் சொன்னது நடந்ததா இல்லையா என்றாள். நடந்தது என்றேன். அப்படியானால் ஓட்டையை மூடத்தான் வேண்டும் என்றாள். மூடு என்றேன். அவள் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"உள்ள இருந்தப்போ எப்படி இருந்தா?" என்று கேட்டாள்.

அந்த ஒரு நொடிச் சிரிப்பைப் பற்றிச் சொன்னேன்.

குழாயை மூடினாள். "போனை நினைச்சேன். கடிகாரத்தை நினைச்சேன். கள்ளத்தனம் பண்றவங்க ஒவ்வொருத்தரையும் நினைச்சேன். இப்படி ஒரு குழந்தை இருக்கும்னு நினைக்கவே இல்லைங்க. நடைமுறைச் சிக்கல்னு உங்க கிட்ட சொன்னேன் பாருங்க, அது பொய். தப்பு என்னோடதுதான்." புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள். "அவகிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

பத்தொன்பது வருஷம் காத்திருந்த சொல். கெக்கலி கொட்டியிருக்க வேண்டும். கொட்டத் தோன்றவில்லை. எதையாவது பார்க்கலாம் என்று குனிந்தேன். அணைக்க மறந்த கழுத்து மைக்கில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். ஷெட்டில் முப்பத்தொன்பது தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தன. ஒரு தலை மட்டும் நிமிர்ந்து எங்களைப் பார்த்தது. பிறகு பென்சிலை வைத்துவிட்டு எழுந்து, மைதானத்தைக் கடந்து நேராக வந்தாள். என் மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. ரேடியோ அவள் முன்னால் வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

என் மனைவி என் கழுத்தைப் பார்த்தாள். பச்சை விளக்கைப் பார்த்தாள். அவள் முகம் அப்படிச் சிவந்து நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. பிறகு அந்தப் பெண்ணின் உயரத்துக்குக் குனிந்தாள்.

"இல்லம்மா. சொல்லணும். நானே சொல்றேன்."

எழுத்திலேயே சொன்னாள். சட்டத்தைத் திருத்த மாசக் கணக்கில் ஆகும். அதுவரைக்கும் இடர் நீக்கும் ஆணை என்று ஒன்று போடலாம், ஒரு வாரத்தில் வந்துவிடும். காது கேட்கவும் கண் பார்க்கவும் உதவுகிற கருவிகள், அவற்றோடு இணைந்தவை, சாதனம் ஆகா என்று இரண்டு வரி. கூடவே சைக்கிள் ஷெட் ஓட்டையையும் மூடிவிட்டாள், அவள் அவள்தான். அந்த ஆணைக்கு ஒரு படிவம் உண்டு. காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டம்: சூழ்நிலை மாற்றம், அரசின் விருப்பம், வரைவாளரின் தவறு. மூன்றாவது கட்டத்தை அந்த அலுவலகத்தில் இதுவரை யாரும் தொட்டதில்லையாம். குமாஸ்தா படிவத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, மேடம் கை தவறி வேற கட்டத்தில் டிக் போட்டுட்டீங்க என்று புதுத் தாள் நீட்டியிருக்கிறார். கை தவறவில்லை என்று சொல்லி அனுப்பினாளாம். இதை என்னிடம் சொல்லும்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அன்று என் முறை.

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் ஆணை வந்து சேர்ந்தது. ரேடியோவின் அம்மா பஸ்ஸைப் பள்ளி வாசலில் ஒரு நிமிஷம் நிறுத்தி, ஜன்னல் வழியாகவே அந்த விண்ணப்பத்தை என்னிடம் கொடுத்துக் கிழித்துப் போடச் சொன்னார். பின்னால் பயணிகள் சத்தம் போட்டார்கள். அவர் அவசரமே படவில்லை.

மறுநாள் காலை பிரார்த்தனைக் கூட்டத்தில் சுற்றறிக்கை ஆணையை ஒலிபெருக்கியில் வாசித்தார். எதையும் விட்டு வாசிக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. கோப்பு எண், தேதி, நகல் பெறுவோர் எல்லாம் வரும். "காரணம்: வரைவாளரின் தவறு" என்பதும் வந்தது. மைதானம் முழுக்க எதிரொலித்தது. பிள்ளைகள் ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருவன் கொட்டாவி விட்டான்.

ஐந்தாம் வகுப்பு வரிசையில் ரேடியோ மட்டும் திடுக்கிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். தான் ஒன்றும் சொல்லவில்லை என்று தலையை ஆட்டிவிட்டு, விரலை உதட்டில் வைத்துக்கொண்டாள்.

நான் கழுத்து மைக்கில் மெதுவாக, "போதும்மா, எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு" என்றேன்.

சரி என்று தலையசைத்தாள். விரலை மட்டும் எடுக்கவில்லை.